17 வயதுக் குட்டி

கேள்வி: டாக்டர், எங்கள் பூனையின் பெயர் குட்டி. வயது 17. உள்ளங்கையில் அடங்குகிற அளவில் வீட்டுக்கு வந்ததால் வைத்த பெயர், அப்படியே நின்றுவிட்டது. நான்கு மாதங்களுக்கு முன் தண்ணீர் நிறையக் குடிக்க ஆரம்பித்தாள், மெலிந்துகொண்டே வந்தாள். ரத்தப் பரிசோதனை செய்து சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். போன வாரம் கிரியேட்டினின் 5.6. எடை 4.6 கிலோவிலிருந்து 2.9-க்கு வந்துவிட்டது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நானே தோலுக்கடியில் சலைன் ஏற்றுகிறேன். பையை எடுத்தாலே அலமாரிக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். கட்டிலில் ஏறும் முன் நின்று அண்ணாந்து பார்க்கிறாள், அப்புறம் திரும்பிப் போய்விடுகிறாள். லிட்டர் பாக்ஸுக்கு வெளியே சிறுநீர் போகிறாள். 'இனியும் இழுக்க வேண்டாம், ஊசி போட்டு அனுப்பிவிடலாம்' என்கிறார் கணவர். 'தானாகப் போகட்டும், உயிரை எடுக்க நாம் யார்' என்கிறார் அம்மா. எட்டு வயது மகள், குட்டிக்கு எப்போது சரியாகும் என்று தினமும் கேட்கிறாள். குட்டிக்கு வலிக்கிறதா? நேரம் வந்துவிட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பதில்:

கட்டிலருகே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கிருந்தே தொடங்குகிறேன். உங்கள் முதல் கேள்விக்குப் பதில் அதில்தான் இருக்கிறது. அவள் அந்த உயரத்தை அளந்து பார்க்கிறாள். ஏறினால் இடுப்பும் முட்டியும் என்ன சொல்லும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேண்டாம் என்று முடிவெடுக்கிறாள். ஆமாம், வலி இருக்கிறது.

இதை நீங்கள் கவனிக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். பூனை பெரும்பாலும் நொண்டாது, அழாது. வலித்தால் குதிப்பதை நிறுத்திவிடும், அவ்வளவுதான். பார்ப்பவர்கள் வயதாகிவிட்டது, சோம்பல் என்பார்கள். 12 வயது தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரேக்களைப் பார்த்த ஓர் ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்மானம் தெரிந்தது. குட்டிக்கு மனிதக் கணக்கில் சுமார் 84 வயது. மூட்டு நன்றாக இருந்தால்தான் ஆச்சரியம்.

மடியில் வைத்தால் குர்குர் என்கிறதே, அப்படியானால் சுகமாகத்தானே இருக்கிறது என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. வலியிலும் பயத்திலும்கூடப் பூனை குர்குர் என்னும். சத்தத்தை விட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள். மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பூனையின் முகத்தை வைத்து வலியை அளக்க ஒரு முறை உருவாக்கி 2019-இல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலை இருக்கும் உயரம் என்று ஐந்து விஷயம். காது இரண்டும் பக்கவாட்டில் திரும்பி விலகியிருக்கிறதா, கண் பாதி இடுங்கியிருக்கிறதா, மூக்கைச் சுற்றி இறுகியிருக்கிறதா, மீசை தளர்ந்து வளையாமல் விறைத்து நிற்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் பத்தில் நான்கு வந்தால் வலி மருந்து தேவை என்று அர்த்தம். தூங்கும்போதும் சாப்பிடும்போதும் பார்க்காதீர்கள், சும்மா விழித்து உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள்.

வலி மருந்து என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை ஒரு துளிகூடக் கொடுக்காதீர்கள். அதை உடைத்து வெளியேற்றும் வேலையைப் பூனையின் கல்லீரல் சரியாகச் செய்யாது. ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும், அதுவும் மூச்சுத் திணறி, ஈறு பழுப்பாகி. பாவம் பார்த்துக் கால் மாத்திரை கொடுத்தவர்கள் நடுராத்திரியில் ஓடி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஐப்யூப்ரொஃபெனும் வேண்டாம். சிறுநீரகம் கெட்ட பூனைக்கும் கொடுக்கக்கூடிய மருந்துகள் உண்டு, கபாபென்டின் ஓர் உதாரணம். சிறுநீரகத்தை வைத்து அளவைக் குறைக்க வேண்டியிருக்கும் என்பதால் உங்கள் டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள்: "வலிக்கு என்ன கொடுக்கிறோம்?" சிறுநீரகத்தைப் பார்க்கிற மும்முரத்தில் மூட்டை மறந்துவிடுவது எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிறது.

சரி, சிறுநீரகத்துக்கு வருவோம். ரத்தத்தில் தேங்கும் கழிவைக் காட்டும் கிரியேட்டினின் 5-ஐத் தாண்டினால் சிறுநீரக நோயின் நான்காம் கட்டம். அதற்கு மேல் கட்டம் கிடையாது. ரத்தத்தில் இந்த எண் தெளிவாக உயரும்போதே சிறுநீரகத்தின் வேலைத்திறனில் முக்கால் பங்கு போயிருக்கும். போனது திரும்பாது. நீங்கள் ஏற்றுகிற சலைன் சிறுநீரகத்தைச் சரிசெய்யவில்லை. உடம்பு வற்றாமல் பார்த்துக்கொள்கிறது, குமட்டலைக் கொஞ்சம் குறைக்கிறது. அது சின்ன உதவி இல்லை. ஆனால் அதன் வேலை அவ்வளவுதான். இனி இருப்பது வாரக்கணக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் சில மாதங்கள். 'எப்போது சரியாகும்' என்று மகள் கேட்பதற்கான பதிலும் இதுவே.

இருக்கிற நாட்களை எப்படி நடத்துவது என்பதில்தான் இப்போது நமக்கு வேலை இருக்கிறது.

சலைனைப் பற்றி முதலில். அவள் ஒளிந்துகொள்வதற்குப் பெரும்பாலும் குளிர்தான் காரணமாக இருக்கும், ஊசி இல்லை. பையை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு வைத்து, இரண்டு துளியை உங்கள் மணிக்கட்டில் விட்டுப் பாருங்கள். சூடும் தெரியக்கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் புது ஊசி. ஒருமுறை குத்தியதுமே முனை மழுங்கிவிடும். தோள்களுக்கு நடுவில் தோலைத் தூக்கிக் கூடாரம் மாதிரிப் பிடித்து, அதன் வாசலில் நுழைப்பதுபோல் நுழையுங்கள். ஒரே இடத்தில் வைத்துச் செய்யுங்கள், அவள் தூங்கும் இடமாக அது இருக்க வேண்டாம். தூங்கும் இடத்தில் ஊசி போட்டால் அவளுக்கு இருக்கிற ஒரே நிம்மதியான மூலையும் போய்விடும். ஏற்றிய பிறகு முதுகில் ஒரு திமில் தெரியும். சில மணி நேரத்தில் முன்காலை நோக்கி இறங்கிக் கரைந்துவிடும். மறுநாளும் அப்படியே தொங்கினாலோ, தூங்கும்போது நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு விட்டாலோ, அடுத்த பையைத் தொடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். இதயத்தால் அவ்வளவு தண்ணீரைத் தாங்க முடியவில்லை என்று பொருள். இவ்வளவு செய்தும் ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரம் துரத்திப் பிடித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கிறது என்றால் நிறுத்திவிடலாம். உங்களைப் பார்த்து அவள் ஓடுகிறாள் என்பதும் ஒரு பக்கவிளைவுதான், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

லிட்டர் பாக்ஸ் விஷயத்தில் அவள்மேல் கோபப்படாதீர்கள். விளிம்பு உயரமாக இருந்தால் காலைத் தூக்கி உள்ளே வைக்க வலிக்கும். சிறுநீரும் முன்பைவிடப் பல மடங்கு போகிறது, அடக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க முடியாது. அகலமான தாழ்ந்த தட்டு ஒன்று வாங்குங்கள், அல்லது இருக்கிற பெட்டியின் ஒரு பக்கத்தை மூன்று விரல் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். அவள் அதிகம் இருக்கும் அறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். தண்ணீரும் இரண்டு மூன்று இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம் நகம். இதை யாரும் பார்ப்பதில்லை. கிழட்டுப் பூனை நகத்தைப் பிறாண்டித் தேய்ப்பதில்லை, மேல்தோல் உரியாமல் தடித்து வளைந்துகொண்டே போகும். சமீபத்தில் 16 வயதுப் பூனை ஒன்றைக் கால் ஊன்ற மாட்டேன் என்கிறது என்று கொண்டுவந்தார்கள். வீட்டில் எல்லோரும் எலும்பில் கட்டி என்று முடிவே கட்டிவிட்டார்கள். முடியை விலக்கிப் பார்த்தால் கட்டைவிரல் நகம் முழு வட்டமாகச் சுற்றி வந்து பாதத்தின் மெத்தைக்குள் இறங்கியிருந்தது. வெட்டி எடுத்து, சீழைத் துடைத்து, மேசையில் விட்டேன். நாலு எட்டு நடந்துவிட்டு நின்று, அந்தக் காலை நக்கியது. கட்டியும் இல்லை ஒன்றும் இல்லை. இன்று ராத்திரி குட்டியின் நான்கு பாதத்தையும் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள்.

சாப்பாடு. கிண்ணத்திடம் ஆசையாக வருகிறாள், முகர்கிறாள், உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். இப்படி நடக்கிறதா? அது பசியின்மை இல்லை, குமட்டல். பசிக்கிறது, உள்ளே போகவில்லை. குமட்டலுக்கு மருந்து இருக்கிறது. பசியைத் தூண்ட மிர்டாசபின் காதுக்குள் தடவும் களிம்பாகவே வருகிறது, வாயைத் திறக்கச் சொல்லிப் போராட வேண்டாம். உணவை உடம்புச் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுங்கள், மணம் எழும்பும். பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது. மருந்தை உணவில் கலக்காதீர்கள், சந்தேகம் வந்துவிட்டால் அந்த உணவையே வெறுத்துவிடும். சிரிஞ்சை வைத்து வாயில் திணிப்பதும் அப்படித்தான். சிறுநீரகத்துக்கான சிறப்பு உணவைத் தொட மாட்டேன் என்கிறாளா, விடுங்கள். அந்த உணவுக்கு நேரம் ஆரம்பக் கட்டங்களில். நான்காம் கட்டத்தில் 2.9 கிலோ பூனை எதைச் சாப்பிட்டாலும் எனக்குச் சந்தோஷம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி.

'நேரம் வரும்போது அவளே சொல்வாள், கண்ணைப் பார்த்தாலே தெரியும்' என்று உங்களிடம் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்பவர்கள் ஆறுதலுக்காகச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மூட்டுவலியையே இத்தனை நாள் உங்களிடம் சொல்லாதவள் இதை மட்டும் சொல்லிவிடுவாளா? அவள் கண்ணில் ஒரு செய்தி வரும் என்று காத்திருந்து, வராமலே கடைசி ராத்திரியைக் கடந்தவர்கள் நிறையப் பேர்.

அலிஸ் வில்லாலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்று ஏழு விஷயம். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். 35-க்கு மேல் வந்தால் தொடரலாம். வீட்டில் ஆளுக்கொரு கருத்தாக இருக்கும்போது இது உதவும். நீங்களும் கணவரும் தனித்தனியாகப் போட்டுவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். ஆனால் முழுக்க நம்பாதீர்கள். சலைன் ஏற்றிய மறுநாள் எண் ஏறும், அடுத்த நாள் இறங்கும். ஏறிய நாளில் நாம் நம்பிக்கையை வைத்துவிடுவோம்.

நான் சொல்வது இன்னும் எளிது. குட்டியைக் குட்டியாக்குகிற மூன்று காரியங்களை எழுதுங்கள். உங்களுக்குத்தான் தெரியும். வாசலில் சத்தம் கேட்டால் வருவது, யாருடைய தலையணையிலாவது இடம்பிடிப்பது, முடியைத் தானே நக்கிச் சீர்செய்வது, இப்படி. காலண்டரில் ஒவ்வொரு ராத்திரியும் அதில் எத்தனை நடந்தது என்று குறியுங்கள். மூன்றில் இரண்டு போய், ஒரு வாரமாகத் திரும்பவில்லை என்றால், நீங்கள் கேட்கிற அந்த நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள். சில விஷயங்களுக்குக் காலண்டரே வேண்டாம்: வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, இரண்டு நாளாக ஒன்றுமே சாப்பிடாமல் இருப்பது, வலிப்பு, தன் சிறுநீரிலேயே படுத்திருப்பது. அன்றே போன் செய்யுங்கள்.

'நேரத்துக்குள்' என்று சொன்னேன், கவனித்தீர்களா? சரியான நாள் என்று ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைத் தவறவிட்டால் பாவம் என்றுதான் எல்லோரும் தவிக்கிறார்கள். அப்படி ஒரு நாள் இல்லை. சில நாட்கள், சில வாரங்கள் கொண்ட ஓர் இடைவெளி இருக்கிறது. அதற்குள் எந்த நாளில் அனுப்பினாலும் தவறில்லை. அதன் முன்பகுதியில் அனுப்பினால் உங்களுக்குக் கஷ்டம், அவசரப்பட்டோமோ என்று தோன்றும். பின்பகுதியில் அனுப்பினால் அவளுக்குக் கஷ்டம். முன்பகுதியைத் தேர்ந்தெடுங்கள் என்பது என் அபிப்பிராயம்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சொந்தப் பூனைக்கு இதே நோய்தான். வருகிறவர்களுக்கெல்லாம் அறிவுரை சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் அதற்கு இன்னும் ஒரு பை, இன்னும் ஒரு ஊசி என்று நான்கு நாள் ஓட்டினேன். கடைசி இரண்டு நாள் அது தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தது. குடிக்கவில்லை, நகரவும் இல்லை, தாடை முடி நனைந்துகொண்டிருந்தது. பொட்டாசியம் குறைந்து கழுத்துத் தசை தளர்ந்துவிட்டது என்று தெரிந்தும், அதற்கு ஒரு மருந்தை எடுத்தேன். அந்த நான்கு நாளும் எனக்காக ஓடியவை.

அதனால் உங்கள் அம்மாவுக்கும் மரியாதையோடு ஒன்று சொல்ல வேண்டும். தானாகப் போகட்டும் என்பதன் பின்னால், ஒரு நாள் தூக்கத்தில் அமைதியாகப் போய்விடும் என்ற படம் இருக்கிறது. சில பூனைகளுக்கு அது வாய்க்கும். சிறுநீரக நோயில் அபூர்வம். கழிவு ரத்தத்தில் தேங்கி, வாயில் புண் வந்து, குமட்டலும் நடுக்கமுமாக, உடம்பு சில்லிட்டு, நாட்கணக்கில் இழுக்கும். எல்லாம் தெரிந்தும் வீட்டிலேயே தானாக முடியட்டும் என்று முடிவெடுத்தால், அதையும் டாக்டரோடு சேர்ந்து, வலிக்கும் குமட்டலுக்கும் மருந்து கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் கூடாது. கருணைக்கொலை என்ற சொல்லில் இருக்கிற 'கொலை'தான் உங்கள் அம்மாவை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். எனக்கும் அந்தச் சொல் பிடிக்காது. நோய் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டது, கடைசி சில நாட்களை மட்டும் நாம் குறைக்கிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

அந்த நாளில் என்ன நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பயம் பாதி குறையும். முடிந்தால் டாக்டரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கையெழுத்து, பணம் எல்லாவற்றையும் முன்பே முடித்துவிடுங்கள். முதலில் ஒரு மயக்க ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கிவிடுவாள். நீங்கள் பேச நினைப்பதை அதற்கு முன்பே பேசிவிடுங்கள். இரண்டாவது ஊசி பென்டோபார்பிடால், அதுவும் மயக்க மருந்துதான், அளவு மட்டும் மிக அதிகம். இவ்வளவு வற்றிய பூனைக்கு நரம்பு கிடைப்பது கடினம், அதனால் சில சமயம் வயிற்றுப் பக்கம் சிறுநீரகத்திலேயே போடுவோம். மயக்கத்தில் அவளுக்கு அது தெரியாது. இதயம் ஓரிரு நிமிடத்தில் நிற்கும், சில சமயம் இன்னும் கொஞ்சம் ஆகும். கண் மூடாது. நின்ற பிறகும் ஒன்றிரண்டு தடவை மூச்சு இழுப்பதுபோல் அசையலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் போகலாம். உயிர் இருக்கிறது என்று பதறாதீர்கள், அவள் போய்விட்டிருப்பாள். கீழே ஒரு துண்டு விரித்து வையுங்கள். உடம்பு சில மணி நேரத்தில் விறைத்துவிடும், அதனால் அவள் தூங்கும் விதத்திலேயே சுருட்டி வைத்துவிடுங்கள். புதைப்பதென்றால் மூன்று அடிக்குக் குறையாமல் தோண்டுங்கள். அந்த மருந்து உடம்பிலேயே தங்கியிருக்கும், தோண்டித் தின்கிற விலங்கையும் பறவையையும் கொன்றுவிடும்.

அருகில் இருப்பதா வேண்டாமா என்று தயங்கினால், முதல் ஊசி வரையாவது இருங்கள். அவள் கடைசியாக விழித்திருக்கும் நேரம் அது. அதற்குப் பிறகு வெளியே போனாலும் அவளுக்குத் தெரியாது, நாங்களும் தப்பாக நினைக்க மாட்டோம்.

மகளிடம் 'குட்டியைத் தூங்க வைக்கப் போகிறோம்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அப்புறம் அவளைத் தூங்கச் சொல்லும்போது என்ன நினைப்பாள்? ஊருக்குப் போய்விட்டது, ஓடிப்போய்விட்டது என்றும் வேண்டாம், வருடக்கணக்கில் தேடுவாள். எட்டு வயதுக்குச் சாவு புரியும். குட்டிக்குச் சரியாகாது, சிறுநீரகம் வேலை செய்யவில்லை, அவள் சாகப் போகிறாள், வலிக்காமல் இருக்க டாக்டர் உதவுவார் என்று நேராகச் சொல்லுங்கள். இன்றே சொல்லலாம். முன்கூட்டியே சொன்னால் அவளுக்கும் குட்டியோடு சில நாள் கிடைக்கும். வெதுவெதுப்பான உணவைக் கிண்ணத்தில் வைக்கும் வேலையை அவளிடமே கொடுங்கள்.

கணவர் அவசரப்படுகிறார் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. ராத்திரி ஈரத்தைத் துடைப்பது யார் என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரிடமும் அந்த மூன்று காரியங்களைக் கேளுங்கள்.

இந்த வாரம் இன்னொரு ரத்தப் பரிசோதனை வேண்டாம். எந்த எண் வந்தாலும் நாம் செய்யப்போவது மாறாது, ஊசிக்குத்துதான் மிச்சம். அதற்குப் பதிலாகக் கட்டிலோரம் ஒரு சின்ன முக்காலி போடுங்கள். அதற்கும் முன்னால் அதில் பாதி உயரத்துக்கு ஏதாவது ஒரு பெட்டி. ஆடாமல் சுவரோடு ஒட்டி இருக்கட்டும், நகம் பிடிக்க மேலே பழைய துண்டு ஒன்றைச் சுற்றிக் கட்டுங்கள். முதல் நாள் அவளைத் தூக்கி அதில் விடாதீர்கள். தானாகக் கண்டுபிடித்து ஏறட்டும்.